போரில் இல்லாத நாட்டு மாலுமி

எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வேலை அனுபவம் ஒன்று எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். டாக்டர்களும் கணக்காளர்களும் கடை முதலாளிகளும் எழுதுகிற மலர் அது. கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சில் இடுகாட்டில் காலமெல்லாம் குழி வெட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் அதில் எதை எழுதுவது? வாழ்த்துச் செய்திகளுக்கும் நடனப் பள்ளி விளம்பரங்களுக்கும் நடுவில் பிணம் புதைத்த கதை யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

மனம் மாறியது குட்மேய்ஸ் பகுதியில் ஒரு தமிழ்க் கடையில். மரக்கறி வாங்கப் போயிருந்தேன். கல்லாவுக்கு மேலே தொலைக்காட்சியில் போர்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்றவர், ஏறக்குறைய என் வயதுக்காரர், கடைக்காரரிடம் சொன்னார்: "நாங்கள் உந்தச் சண்டையில இல்லைத்தானே. சாமான் மட்டும்தானே குடுக்கிறம்." கடைக்காரரும் ஓம் என்று தலையாட்டினார். அவர்கள் நல்ல மனிதர்கள். செய்தியைப் பார்த்துப் பயந்து தங்களுக்குத் தாங்களே ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் நான் கையில் இருந்த பையைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. கிட்டத்தட்ட அதே வார்த்தைகளை, வேறொரு நாட்டைப் பற்றி, இங்கர் என்ற நோர்வேக்கார அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருடைய அண்ணனைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை சுருக்கமானது. அகதியாக வந்து, பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்து, துப்புரவு வேலை செய்து, பிறகு ஏஜென்சி மூலம் கவுன்சில் பூங்காவில் புல் வெட்டப் போனேன். இடுகாட்டில் ஆள் குறைந்தபோது என்னை அங்கே அனுப்பினார்கள். வேலை நிரந்தரமானது. என் மனைவி யோகம் மறுநாள் காலை தேநீர் தரும்போது, "சுடலையில வேலை எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றாள். பல வருடம் நாங்கள் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குக் கவுன்சிலில் வேலை என்றோம். தினமும் வேலைத்தலத்திலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன்.

அந்த மறைப்பு ஒரு நாள் முடிந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பம் பிறந்து சில நாளே ஆன குழந்தையைப் புதைக்க வந்தது. வெள்ளைப் பெட்டியை என் கையில் தந்த தகப்பன் நிமிர்ந்து பார்த்து, "அண்ணை, நீங்களோ?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு யாரிடமும் ஒளிக்கத் தோன்றவில்லை.

வேலையை எனக்குக் காட்டித்தந்தவர் பிரையன், இடுகாட்டின் பொறுப்பாளர். உயரமான மனிதர், இடுப்பு வலியால் சற்றுச் சாய்ந்து நடப்பார். முதல் நாளே என் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். மற்ற எல்லாருக்கும் நான் சிவா. அவருக்கு மட்டும் கடைசி வரை சிவானந்தன். அதைச் சரியாகச் சொல்லும் வரை அன்று அவர் என்னை விடவில்லை.

லண்டன் மண் மேலே கறுப்பாக இருக்கும். கொஞ்சம் கீழே போனால் பிசுபிசுத்த களிமண். குளிர்காலத்தில் வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறும், பம்ப் வைத்து இறைக்க வேண்டும். சுவர் இடியாமல் பலகை கொடுத்து இரும்புச் சட்டம் இறுக்குவோம். மேலே பச்சை விரிப்பால் மண் குவியலை மூடிவிடுவோம், வருகிறவர்கள் கண்ணில் அது படக்கூடாது. குழிக்குக் குறுக்கே கட்டைகள் வைத்து அதன்மேல் பெட்டி வைக்கப்பட்டதும் பிரையன் குனிந்து பெயர்த்தகட்டைப் பார்ப்பார், தாழ்ந்த குரலில் அந்தப் பெயரை ஒருமுறை வாசிப்பார், பிறகுதான் பெட்டியை இறக்கும் பட்டியைப் பிடிக்கச் சொல்வார். யாருமே இல்லாதவர்களைக் கவுன்சில் செலவில் புதைக்கும்போதும் அப்படியே. அந்த நாட்களில் எங்களையும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு குழியருகே நிற்கச் சொல்வார். யாரும் வரவில்லை என்று இருக்கக்கூடாது என்பார்.

அந்த இடுகாட்டின் கிழக்கு மதிலோரம் கல் ஒன்றுகூட இல்லாத ஒரு புல்தரை இருந்தது. பழைய பொதுக் குழிகள் அங்கே. தனி நிலம் வாங்க வசதியில்லாதவர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பெட்டிகள் வைத்துப் புதைத்த இடம். ஒவ்வொரு மே மாதமும், குளிர் விட்டதும், நோர்வேயிலிருந்து ஒரு வயதான அம்மா அங்கே வருவார். மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்கில் கோப்பி, ஒரு பூங்கொத்து. அவர்தான் இங்கர். இறந்தவர் அவருடைய அண்ணன் ஆர்னே, பத்தொன்பது வயதுக் கப்பல் தொழிலாளி. பழைய வரைபடத்தைப் பார்த்து மதிலிலிருந்து அளந்து அந்தக் குழி எதுவென்று பிரையன்தான் அவருக்குக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். அவர் வருவதற்கு முதல் நாள் அந்தப் புல்லை வெட்டி, சரியான இடத்தில் ஒரு சின்ன மரமுளை அடித்து வைப்பது என் வேலையாயிற்று. அவர் எனக்கும் கோப்பி ஊற்றித் தருவார். வருடத்தில் ஒரு நாள்தான் என்றாலும், அந்தப் பழக்கம் நீண்ட காலம் தொடர்ந்தது.

கதையை அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னதை என்னுடைய பேச்சுத் தமிழில்தான் எனக்கு நினைவிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அவர்களுடைய வீடு பேர்கன் நகரத்துக்கு வடக்கே ஒரு சின்னத் துறைமுகத்தில். வெளியிலிருந்து வரும் கப்பல்களைப் பாறைகளுக்குள்ளால் வழிகாட்டிக் கொண்டுவருவது தகப்பனின் தொழில். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது நோர்வே எந்தப் பக்கமும் இல்லை என்று அறிவித்தது. முந்திய உலகப் போரிலும் அப்படி நின்றே தப்பியிருந்ததால் ஊரில் எல்லாருக்கும் நம்பிக்கை. கப்பல்களின் இரு பக்கமும் நாட்டுக் கொடியைப் பெரிதாக வரைந்து, இரவில் அதன்மேல் விளக்குப் போட்டார்கள், யாரும் ஆள் தெரியாமல் சுட்டுவிடக்கூடாது என்று. சின்னப் பிள்ளையான இங்கருக்கு அந்த வெளிச்சம் திருவிழா போல இருந்ததாம்.

ஆனால் அந்த நாட்டின் சீவியமே கப்பல்தான். எண்ணெய்க் கப்பல்களைப் பிரிட்டனுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஜெர்மனிக்கு வேண்டிய சுவீடன் நாட்டு இரும்புத் தாது நோர்வேயின் வடக்குத் துறைமுகத்தால் போனது. இரண்டு பேரும் வாங்கினார்கள், மற்றவனுக்கு ஏன் கொடுக்கிறாய் என்று இரண்டு பேரும் கேட்டார்கள். முதல் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியபோது ஊரே தேவாலயத்துக்குப் போனது. பிறகு அடிக்கடி மூழ்கின. ஒவ்வொரு முறையும் அரசாங்கம் கண்டனம் எழுதி அனுப்பியது. பதிலும் வந்தது. வருத்தம் தெரிவித்த பதில். மறு வாரம் வேறு பையன்கள் வேறு கப்பலில் ஏறினார்கள். வீட்டில் பேச்சு மட்டும் மாறவில்லை. தகப்பன் சாப்பாட்டு மேசையில், நாங்கள் போரில் இல்லை, சரக்குத்தானே கொண்டுபோகிறோம் என்பாராம்.

ஆர்னே போன கப்பல் லண்டனுக்குக் காகிதக்கூழ் கொண்டுவந்தது. தேம்ஸ் முகத்துவாரத்தில் கடலடியில் ஜெர்மன்காரர் போட்டிருந்த கண்ணிவெடியில் பட்டு உடைந்தது. "கண்ணிவெடிக்குக் கொடி தெரியாது" என்றார் இங்கர். ஆர்னேயை உயிரோடுதான் தூக்கினார்கள். கிழக்கு லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் சில நாள் கிடந்து இறந்தான். உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லாததால் கப்பல் முகவர் பொதுக் குழியில் புதைப்பித்துவிட்டுத் தந்தி அடித்தார்.

செய்தி வந்த பிறகு தகப்பன் துறைமுகக் கூட்டத்தில் எழுந்து, இனிக் கப்பல் விடவேண்டாம் என்றாராம். விடாவிட்டால் குளிர்காலத்துக்கு என்ன சாப்பிடுவது என்று மற்றவர்கள் கேட்டார்கள். கப்பல்கள் தொடர்ந்து போயின. குளிர்காலம் முடியும் முன் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று நோர்வேயின் கடற்கழிக்குள்ளேயே புகுந்து, அங்கே ஒதுங்கி நின்ற ஜெர்மன் கப்பலிலிருந்து தன் நாட்டுக் கைதிகளை மீட்டுக்கொண்டு போனது. அதற்கும் இரண்டு பேரும் நோர்வேயைத்தான் திட்டினார்கள். ஏப்ரலில், உங்கள் கடலுக்குள் கண்ணிவெடி போட்டுவிட்டோம் என்று பிரிட்டன் அறிவித்தது. மறுநாள் விடியும்போது பேர்கன் துறைமுகத்தில் ஜெர்மன் படை நின்றது.

"நாங்கள் எப்ப போருக்குள்ள போனம் எண்டு புத்தகத்தில ஒரு திகதி போட்டிருக்கு" என்றார் இங்கர். "எங்கட வீட்டுக்கு அது வேற திகதி."

அன்றுதான் என் அண்ணையைப் பற்றி நானும் அவருக்குச் சொன்னேன். எங்கள் ஊரில் சண்டை நடந்த காலத்தில் அண்ணை ஒரு சின்ன லொறி வைத்து வெங்காயம் ஏற்றினார். யாருடைய பக்கமும் இல்லை, தொழில்தான் என்பார். முதலில் ஆயுதம் தூக்கிய இயக்கப் பெடியள் மறித்து, தங்களை அடுத்த சந்தி வரை ஏற்றிப் போகச் சொன்னார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பிறகு அரசாங்க ஆமி மறித்து மண்மூட்டை ஏற்றச் சொன்னது. அதற்கும் மாட்டேன் என்று சொல்ல ஏலாது. அவர்களுக்கு ஏற்றினாயா என்று இவர்களும், இவர்களுக்கு ஏற்றினாயா என்று அவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு பின்னேரம் லொறி மட்டும் வீதியோரம் நின்றது. அண்ணையைக் கொண்டுபோனது எந்தப் பக்கம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அம்மா இரண்டு பக்கத்திலும் போய் அழுதார். இரண்டு பக்கமும், எங்களிடம் இல்லை என்றது.

இங்கர் என் கோப்பையைத் திரும்ப நிரப்பினார்.

லண்டனில் உயிரோடிருப்பவர்களுக்கு மட்டுமல்ல, இறந்தவர்களுக்கும் இடம் போதாது. எழுபத்தைந்து வருடம் கடந்த பழைய குழிகள் உள்ள பகுதியைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று சட்டம் இருக்கிறது. எங்கள் கவுன்சில் கிழக்கு மதிலோரப் புல்தரையைத் தேர்ந்தெடுத்தது. பொதுக் குழிகளைத் தோண்டுவதில்லை. அவற்றின்மேல் லொறி லொறியாக மண் கொட்டி உயர்த்தி, அந்தப் புது மண்ணில் புதிய குழிகள் வெட்டுவது. அறிவித்தல் பலகையை வாசலில் அறைந்தவன் நான்தான். போரில் இறந்தவர்களின் கல்லறைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. அவற்றை யாரும் தொட முடியாது.

பிரையன் அன்றே இங்கருக்குத் தொலைபேசி எடுத்தார். எண்பது வயது தாண்டிய அவர், வழக்கமான மே மாதம் வரை காத்திருக்காமல் குளிரில் வந்து சேர்ந்தார். கவுன்சில் கூட்டத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். பிரையன் கோட் பையில் எப்போதும் வைத்திருக்கும் கறுப்பு டையைக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் பேசியது கொஞ்சம். இந்தப் பையனைப் போர்தான் கொன்றது, போரில் இறந்தவனாக இவனைக் கணக்கில் எடுங்கள் என்றார்.

பதில் சொன்ன அதிகாரி ஓர் இளம் பெண். கடுமையாகப் பேசவில்லை, எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். இடுகாட்டின் மற்றப் பக்கத்தில், போரில் இறந்தவர்களுக்கு வைத்த வெள்ளைக் கற்கள் வரிசையில் இன்னொரு நோர்வே மாலுமி இருப்பதை அவரே சொன்னார். அந்த மாலுமி இறந்தபோது நோர்வே போரில் இருந்தது. ஆர்னே இறந்த நாளில் அவனுடைய நாடு நடுநிலை நாடு. நடுநிலை நாட்டவர் ஒருவர் விபத்தில் இறந்ததாகத்தான் அதைக் கருத முடியும். வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால், அவன் பல பெட்டிகளுக்குக் கீழே இருக்கிறான், மேலே உள்ளவர்களைக் கலைக்க அனுமதி கிடைக்காது. தனி நிலமாக இருந்தால் உரிமைக்காரர் ஆட்சேபிக்கலாம், பொதுக் குழிக்கு உரிமைக்காரர் என்று யாரும் இல்லை. மிகவும் வருந்துகிறேன் என்றார். அவர் உண்மையில் வருந்தினார் என்றே நினைக்கிறேன்.

வெளியே படிக்கட்டில் இங்கர் நின்றார். தடியை ஊன்றிக்கொண்டு பிரையனிடம் கேட்டார்: "அப்ப அவன் ஏப்ரல் வரைக்கும் உயிரோட இருந்திட்டுச் செத்திருந்தால் கல்லு வைச்சிருப்பினம். அப்பிடியோ?"

பிரையனின் தொப்பி கையிலேயே இருந்தது, போட மறந்துவிட்டார். "ஓம்" என்றார் கடைசியில்.

"அவனுக்குப் போரில்லாமல் சாகத் தெரிஞ்சிருக்கு" என்றார் இங்கர். அவர் சிரித்தார் என்று முதலில் நினைத்தேன். இல்லை.

பிறகும் பிரையன் விடவில்லை. மதிலில் ஒரு சின்னப் பெயர்ப் பலகையாவது வைக்க அனுமதி கேட்டார். ஒருவனுக்கு வைத்தால் அந்தத் தரையில் கிடக்கும் அத்தனை பேருக்கும் வைக்க வேண்டிவரும் என்றார்கள். அதுவும் நியாயமான பதில்தான். அந்தக் காலம் முழுக்க எங்களுக்குக் கிடைத்தவை எல்லாம் நியாயமான பதில்கள். ஒன்றையும் எதிர்த்து வாதாட எங்களால் முடியவில்லை. பிரையன் அந்த ஆண்டே ஓய்வு பெற்றுக் கடற்கரையோரம் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

மண் வந்தது. எங்கோ புதிய அடுக்குமாடிகளுக்கு அத்திவாரம் தோண்டிய மண், செங்கல் துண்டும் கம்பியும் கலந்தது. நிரப்புகிற இயந்திரத்தை நானே ஓட்டுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். வேறு யாராவது செய்தால் தாங்கமாட்டேன் என்று நினைத்தேன். நான் செய்தபோதும் தாங்க முடியவில்லை. ஆர்னேயின் இடம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தி இறங்கினேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, இங்கர் சொல்லித்தந்த உச்சரிப்பில் அவன் பெயரை ஒருமுறை சொன்னேன். திரும்ப ஏறி மண்ணைத் தள்ளினேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. யோகம் கேட்டாள், "என்னப்பா, ஆர் செத்தது?"

அடுத்த மே மாதம் இங்கர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். மண்மேடு அவருடைய தலைக்கு மேல் உயர்ந்திருந்தது. புல் இன்னும் சரியாக முளைக்கவில்லை. கையைப் பிடித்து மேலே ஏற்றினேன். மதிலிலிருந்து அளந்து, இந்த இடத்துக்கு நேர் கீழே என்று காட்டினேன். அவர் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் வரிசையில் புதியவர்கள் சிலர் ஏற்கனவே புதைக்கப்பட்டிருந்தார்கள், பலூனும் படமும் வைத்திருந்தார்கள்.

"அவனைக் கடலில இருந்து தூக்கினவை" என்றார். "இப்ப மண்ணுக்குள்ள திரும்ப மூழ்கிப் போனான்."

நாற்காலி கொண்டுவந்திருக்கவில்லை. கோப்பியும் இல்லை. என் அண்ணையைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் பூங்கொத்தின் கட்டை அவிழ்த்து, பாதியை அந்த மண்ணில் வைத்தார். மற்றப் பாதியை என்னிடம் தந்து, உங்கள் அண்ணனுக்கு என்றார். எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

அதைப் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். யோகம் ஒரு போத்தலில் தண்ணீர் விட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். சாமியறையில் வைக்கவில்லை, ஏனென்றால் அண்ணை இறந்துவிட்டார் என்று நாங்கள் இன்னும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வாடியதும் எடுத்துக் குப்பையில் போட்டாள். இங்கர் அதற்குப் பிறகு வரவில்லை. அவர் இருக்கிறாரா இல்லையா என்று எனக்கு அறிவிக்க யாருக்கும் காரணம் இல்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். மேடு முழுக்க நிறைந்துவிட்டது. பளபளக்கும் கறுப்புக் கற்கள், பல மொழிகளில் பெயர்கள். அந்த இடத்தில் இப்போது வேறு ஒருவருடைய கல் நிற்கிறது. அதன்முன் ஒரு குடும்பம் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றியது. நான் தள்ளி நின்று மதிலையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்ததை அந்த வீட்டு மகன் கவனித்திருக்க வேண்டும். மரியாதையாக என்னிடம் வந்து, யாரையாவது தேடுகிறீர்களா என்று கேட்டான்.

இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.